நூறு மில்லிமீட்டர் போர்: ஷார்ஜா பட்டறையில் ஓர் இன்ஜின் நாட்குறிப்பு

ஜூன் 12

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் வழக்கமான வெயில். பட்டறையின் நடுமேசையில் நிஸ்ஸான் பேட்ரோலின் டிபி48 இன்ஜின் பிரிந்து கிடக்கிறது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், போர் 99.5 மி.மீ., ஸ்ட்ரோக் 102 மி.மீ., மொத்தம் 4,759 சிசி. 2001இல் பேட்ரோலுக்குள் வந்த இந்த இன்ஜின் மீது வளைகுடாவின் மணல்மேட்டுப் பந்தயக்காரர்களுக்குத் தனிப் பிரியம். டர்போ மாட்டி, கம்பெனி கொடுத்ததைப் போலப் பல மடங்கு சக்தியை இதிலிருந்து கறக்கிறார்கள்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஓர் எமிராத்தி இளைஞர். வரும்போதே கைபேசியில் ஒரு பட்டியலோடு வந்தார்: இந்த பிராண்டு பிஸ்டன், அந்த பிராண்டு ராடு, எல்லாவற்றிலும் விலை கூடிய போல்ட். ஃபோர்மேன் கோவையில் லேத்தில் கை பழகியவர். பட்டியலைப் பார்க்காமலே அவர் கேட்டது, எத்தனை ஆர்பிஎம் வரை போகும், டர்போ பிரஷர் எவ்வளவு, முழு மிதியில் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைத்தான்.

பதில் லிவாவில் இருந்தது. அபுதாபியின் தென்கோடிப் பாலைவனத்தில் உள்ள மொரீப் மேடு, சுமார் 300 மீட்டர் உயரமும் 50 டிகிரி சரிவும் கொண்டது. குளிர்காலத் திருவிழாவில் அதில் ஏற வேண்டும். ஏற்றம் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில விநாடிகளும் 7,000 ஆர்பிஎம்மில் முழு மிதிதான்.

ஜூன் 15

கணக்கு போடும் நாள். 102 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 7,000 சுற்று என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 23.8 மீட்டர். 2.4 லிட்டர் வி8 இன்ஜின்கள் 18,000 சுற்றில் அலறிய காலத்து ஃபார்முலா ஒன் கார்களிலும் பிஸ்டன் வேகம் ஏறக்குறைய இதேதான்; அவற்றின் ஸ்ட்ரோக் 40 மி.மீட்டருக்கும் குறைவு. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவதற்காகச் செய்த இன்ஜினிடம் என்ன கேட்கிறோம் என்பது இந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடுகிறது.

மேல்முனையில் பிஸ்டன் நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 3,000 மடங்கைத் தாண்டும். பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 600 கிராம் என்று வைத்துக்கொண்டால், கனெக்டிங் ராடை இழுக்கும் விசை சுமார் 2 டன். புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் முடிவில் மேலிருந்து அழுத்த எரிவாயு இல்லாததால், அந்த இழுவை முழுவதும் ராடு போல்ட்டில் வந்து இறங்குகிறது.

பலர் குழம்பும் இடம் இது. டர்போ பிரஷரைக் கூட்டினால் ராடு நசுங்கத்தான் பார்க்கும். அதைப் பிய்க்கப் பார்ப்பது ஆர்பிஎம். 6,000லிருந்து 7,000க்குப் போனால் சுற்று ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது, இழுவையோ 36 சதவீதம் கூடுகிறது. ஆகவே பிரஷருக்குப் பிஸ்டனும் ராடின் உடம்பும், சுற்றுக்குப் போல்ட்டும் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 23

பிளாக்கின் சுவர்த் தடிமனை ஒலியலைக் கருவியால் பார்த்தாயிற்று. ரீபோர் தாங்கும். 100 மி.மீ. என்று முடிவு.

ஜூலை 2

பிஸ்டன். கம்பெனியின் வார்ப்புப் பிஸ்டன் இந்த வேலைக்கு ஆகாது, ஃபோர்ஜிங் பிஸ்டன்தான். அதிலும் இரண்டு உலோகக் கலவைகள். 4032இல் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். சூட்டில் குறைவாகவே விரியும் என்பதால் சிலிண்டரில் நெருக்கமாக உட்காரும், காலையில் ஸ்டார்ட் செய்தால் சத்தம் வராது. தினமும் ஓட்டும் வண்டிக்கு நல்லது. 2618இல் சிலிக்கான் அநேகமாக இல்லை. அதிகம் விரியும், இன்ஜின் சூடாகும் வரை பிஸ்டன் சுவரில் தட்டும். ஆனால் எரிபொருள் தவறான நேரத்தில் வெடித்து அடிக்கும்போது 4032 விரிசல் விடும், 2618 அடியை வாங்கிக்கொள்ளும்.

இளைஞர் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஃபோர்மேன் 2618ஐ எடுத்தார். “காலையில தட்டும். தட்டட்டும்.”

ஜூலை 9

ராடு 4340 எஃகில் வந்துவிட்டது. பெட்டியில் இருப்பதை அப்படியே நம்பும் வழக்கம் இந்தப் பட்டறையில் இல்லை. இந்தச் சந்தையில் போலிப் பெட்டிகளுக்குப் பஞ்சமும் இல்லை. பெரிய வாயின் வட்டம், நீளம், இரு முனைகளின் எடை என ஒவ்வொன்றும் தாளில் ஏறுகிறது.

போல்ட்டில்தான் வாக்குவாதம். பட்டியலில் இருந்தது ஏஆர்பி நிறுவனத்தின் எல்19. ஏஆர்பி 2000ஐ விட வலுவானது. ஃபோர்மேன் மறுத்தார். எல்19க்கு ஈரம் எதிரி. வியர்வைக் கை பட்டாலே உள்ளுக்குள் அரிப்பு தொடங்கி, ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் முறியலாம். ஜூலை மாத ஷார்ஜாவில், கடற்காற்றின் புழுக்கத்தில், அதை யார் கை படாமல் மாட்டுவது? ஏஆர்பி 2000 போதும் என்பது தீர்ப்பு. விலை கூடிய பொருளை வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக்கை வாடிக்கையாளர்கள் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். இவரும் பார்த்தார்.

“அண்ணே, டார்க் ரெஞ்ச் இருக்குல்ல, எதுக்கு இந்த கேஜ்?” என்று கேட்டான் பட்டறையில் உதவிக்கு இருக்கும் ராமநாதபுரத்துப் பையன். முறுக்கும் விசையில் பெரும்பங்கு மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்ந்தே தீர்ந்துபோகிறது. இறுக்கமாக மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தடவும் எண்ணெய் மாறினால் அதுவும் மாறும். போல்ட் எவ்வளவு நீண்டது என்று அளந்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. பையன் அன்று மாலைக்குள் பன்னிரண்டு போல்ட்டையும் தானே அளந்து எழுதிவிட்டான்.

ஆகஸ்ட் 4

பட்டறைக்குள் 45 டிகிரி. அளவெடுக்கும் வேலை எதுவும் நடக்கவில்லை. உலகெங்கும் அளவுகளுக்கு அடிப்படை 20 டிகிரி. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 100 மி.மீ. பிஸ்டனையும் சிலிண்டரையும் 45 டிகிரியில் அளந்தால் இடைவெளி சுமார் 0.03 மி.மீ. குறைவாகக் காட்டும். வைக்கப்போகும் இடைவெளியே 0.1 மி.மீ.தான்! பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றும் ஏசி அறைக்குப் போயின. ராத்திரி முழுக்க அங்கேதான்.

ஆகஸ்ட் 6

ஹோனிங். ஹெட் இருக்க வேண்டிய இடத்தில் கனமான எஃகுத் தகட்டை வைத்து, அதே விசையில் இறுக்கிய பிறகே சிலிண்டரைத் தேய்க்கிறார்கள். ஹெட் போல்ட் இறுகினால் சிலிண்டரின் வட்டம் கோணும். இறுக்காமல் தேய்த்த வட்டம் ஓடும் இன்ஜினில் வட்டமாக இருக்காது.

ஆகஸ்ட் 11

ரிங்கின் வாய் இடைவெளி. டர்போ இல்லாத சாலை வண்டிக்கு 100 மி.மீ. போரில் 0.4 மி.மீ. போதும். இங்கே 0.6. கூட விட்டால் கொஞ்சம் புகை கீழே கசியும், அவ்வளவுதான். குறைத்து விட்டால் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டி, நகர வழியில்லாமல் பிஸ்டனின் பள்ளச் சுவரையே பெயர்த்தெடுக்கும். “அளவு தெரியலைன்னா கூட விடு தம்பி, குறைச்சு விடாத” என்கிறார் ஃபோர்மேன். இரண்டாவது ரிங்குக்கு இன்னும் சற்றுக் கூடுதல். இடையில் சிக்கும் வாயு வெளியேறாவிட்டால் மேல் ரிங் எழும்பிவிடும்.

செப்டம்பர் 3

கம்ப்ரெஷன். 100 மி.மீ. போரில் ஒரு சிலிண்டருக்கு 801 சிசி. 9க்கு 1 வேண்டுமானால் மேலே மிஞ்சும் இடம் 100 சிசி இருக்க வேண்டும். ஹெட்டின் குழியை ப்யூரெட்டில் திரவம் ஊற்றி அளந்தார்கள். கேஸ்கெட்டில் 0.2 மி.மீ. கூடினாலே ஒன்றரை சிசிக்கு மேல் மாறுகிறது.

செப்டம்பர் 20

ஆயில் பம்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே நிஸ்ஸானின் இன்னொரு இன்ஜின் நினைவுக்கு வரும். ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26. தொடக்கக் கால ஆர்32 கார்களில் பம்ப்பைச் சுற்றும் கிராங்க் முனையின் தட்டைப் பகுதி குட்டையானது. கூடுதல் சுற்றில் பம்ப் பற்சக்கரம் உடைந்து, எண்ணெய் நின்று, இன்ஜினே போகும். பின்னர் நிஸ்ஸான் அந்தப் பகுதியை அகலமாக்கியது. குதிரைத்திறனைக் கூட்டாத எந்தப் பாகத்துக்கும் வாடிக்கையாளரிடம் காசு வாங்குவது கடினம் என்பதால், இந்தக் கதை பட்டறைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது.

இங்கே சிக்கல் வேறு. 50 டிகிரி ஏற்றத்தில் சம்ப்பில் உள்ள எண்ணெய் முழுவதும் பின்பக்கம் ஓடிவிடும். உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்தால், 0.06 மி.மீ. இடைவெளியில் எண்ணெயின் மேல் மிதக்கும் பேரிங், ஒரு சில விநாடிகளில் ஜர்னலோடு உரசிக் கருகும். எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் முறைக்கு இளைஞர் ஒப்புக்கொண்டார். விலை கூடிய போல்ட்டைக் கைவிட்டதில் மிஞ்சிய பணமும் இதற்குப் போனது.

அக்டோபர் 18

இன்ஜின் மூடப்பட்டது. முதல் முறை ஓடியதும் ஃபில்டரை அறுத்துப் பார்த்தார்கள். உலோகத் துகள் மின்னவில்லை. இளைஞர் சக்தி எவ்வளவு என்று கேட்டார். ஃபோர்மேன் அளவுத் தாளை நீட்டினார்: ஆறு போர், ஆறு பிஸ்டன், பன்னிரண்டு போல்ட், ஏழு மெயின் பேரிங், ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எண். எந்த ஊரில் இன்ஜின் கட்டக் கொடுத்தாலும், பில்லோடு இந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர முடியாது என்று சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.