கத்தரிப் பூவும் வேலி தெரியாத கருவண்டும்

எல்லை என்றால் கலைப்பீடத்து ஆக்களான எங்களுக்கு வரைபடமும் காணி உறுதியும்தான் ஞாபகம் வரும். ஒரு கத்தரிப் பூவும் எல்லையைப் பற்றித்தான் கதைக்கிறது.

கத்தரிப் பூவில் மகரந்தம் லேசில் உதிராது. மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துவாரம் மட்டும்தான். பூவைப் பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் தூள் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அது ஏலாது, கருவண்டுக்கு ஏலும். தோட்டத்தில் நிற்கிற கத்தரியும் பற்றைக்குள் முள்ளோடு நிற்கிற காட்டுக் கத்தரியும் அதற்கு ஒரே ஊதாப் பூதான். பெரும்பாலான மகரந்தம் பக்கத்துப் பூக்களோடு முடிந்துவிடும். கொஞ்சம் தூரம் போகும். தோட்டத்து மரபணு காட்டு விதைக்குள் போக அந்தக் கொஞ்சமே காணும்.

இந்தக் கலப்பு புதுசில்லை, தன்னளவில் ஆபத்துமில்லை. ஆனால் பூச்சியை எதிர்க்கும் மரபணு சேர்த்த பிடி கத்தரியை இந்தியா 2010இல் நிறுத்திவைத்தது, பங்களாதேஷ் 2013இல் அனுமதித்தது. இலங்கையிலும் காட்டுக் கத்தரி வளர்கிறது. நோயையும் வரட்சியையும் தாங்கும் குணம் தேடி ஆராய்ச்சியாளர்கள் போவதும் இந்தச் செடிகளிடம்தான். பூச்சிக்குத் தப்புகிற கலப்புச் செடி கூட விதை போட்டால், பற்றைக்குள் அதுவே பெருகலாம்.

விளைச்சல், விலை, உடல்நலம் பற்றி நாங்கள் நிறைய வாதாடுகிறோம். அந்த வாதத்தில் பற்றைக்கும் ஒரு இடம் வேண்டும். கொடுத்த அனுமதியை அரசாங்கம் திருப்பி எடுக்கலாம். கருவண்டு கொண்டுபோனதை யாராலும் திருப்பி எடுக்கேலாது.