மன்சி நீகாட்டாவுக்குப் போன வருடம்

சென்னை சிட்டி எப்.சி. என்று ஒரு ரீம் இருந்தது. 2018-19 பருவத்தில் இந்தியாவின் ஐ-லீக்கை வென்றது. 2021-22 பருவத்துக்கான அட்டவணை வந்தபோது அதில் அந்தப் பெயர் இல்லை. இடையில் முழுதாக மூன்று வருடம்கூட இல்லை. இப்போது தேடினால் பழைய காணொளிகள்தான் வரும், அதிலும் பாதி தெளிவில்லாதவை.

உடுவிலில் இருந்துகொண்டு கோயம்புத்தூரில் விளையாடுகிற ரீமுக்கு ஏன் கத்தினீர்கள் என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. ஐந்து பேர் நாங்கள், ஓ.எல். வயசு. சென்னையின் எப்.சி.க்கு எங்கட வகுப்பில் நிறைய ஆக்கள் இருந்தார்கள். அது ஐ.எஸ்.எல்.; டோனியும் அபிஷேக் பச்சனும் பங்குதாரர்கள், இரண்டு தரம் கிண்ணம் எடுத்த ரீம், வாணவேடிக்கை வேற. எங்களுக்கு எல்லாரும் கத்துகிற பக்கம் நின்று கத்த விருப்பமில்லை. அதே சென்னையின் பெயரை வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றர் தள்ளிப்போய் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக்கிய சிட்டி எங்களுக்குச் சரியாகப் பொருந்தியது. (இரண்டு மைதானத்துக்கும் நேருவின் பெயர்தான். அதை வைத்தே எங்களுக்குள் எவ்வளவு குழப்பம்.)

முந்தைய பருவங்களில் சிட்டி அட்டவணையின் அடியில் கிடந்த ரீம். 2018இல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச்சாக இருந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் விளையாடிக்கொண்டிருந்த சிலரைக் கொண்டுவந்தார்கள்: பெட்ரோ மன்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாந்த்ரோ, எஸ்லாவா. ஸ்பெயினில் ஆரும் பெயர் சொல்லித் தேடாத ஆக்கள். அவர்களோடு எட்வின், ரொமாரியோ, மைக்கல் ரெஜின் என்று தமிழ்நாட்டுப் பெடியள். ஒக்ரோபர் 26, முதல் மட்சிலேயே இந்தியன் அரோஸுக்கு 4-1. மன்சி மூன்று கோல். அண்டைக்கே எங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது.

அந்த ரீம் விளையாடின விதத்தைப் பற்றி ஒன்று சொல்லவேணும். எங்கட பக்கத்து மட்சுகளில் போல் பின்னுக்கு வந்தால் கரையில் நிற்கிற அண்ணாமார் எல்லாரும் ஒரே குரலில் "அடிச்சு வெளியால விடடா" என்பார்கள். சிட்டி அடிக்காது. பின்னுக்கு நின்றே சின்னச் சின்னதாகக் கொடுத்து வாங்கும். எங்களுக்கு நெஞ்சு பதறும், அவர்களுக்குப் பதறாது. எங்களில் ஒருத்தி தெல்லிப்பளைப் பக்கம் படித்தவள், பாடசாலை ரீமில் நடுவில் விளையாடினவள். கோர்டில்லோ போலை வாங்க முதல் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்ப்பதை எங்களுக்குக் காட்டித் தந்தவள் அவள்தான். அதற்குப் பிறகு எங்கட கண் போலை விட்டு ஆளைப் பார்க்கப் பழகியது.

பருவத்தின் நடுவில், மிச்ச மட்சுகளில் ஒரு பகுதியைத்தான் காட்டுவோம் என்று ஒளிபரப்பாளர் சொல்லிவிட்டார்கள். தேசிய லீக் ஒன்றுக்கு நடந்த கதை இது. பிறகு பல நாள் ரீவி இல்லை, போனில் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு இருந்ததுதான்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை, கடைசி நாள். சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ற் பெங்காலுக்கு 39. இரண்டு மட்சும் ஒரே நேரத்தில்: கோயம்புத்தூரில் சிட்டியும் நடப்புச் சம்பியன் மினேர்வா பஞ்சாபும், கோழிக்கோட்டில் ஈஸ்ற் பெங்காலும் கோகுலம் கேரளாவும். மட்ச் தொடங்கிச் சில நிமிடத்துக்குள் மினேர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்கும் 0-1. எங்களில் ஒருவன் இனிப் பார்க்க ஏலாது என்று எழும்பி வெளியே போய் நின்றான். இரண்டாம் பாதியில் மன்சி பெனால்டியில் சமப்படுத்தினார். பிறகு வந்த இரண்டு கோலையும் போட்டது தடுப்பில் நிற்கிற கௌரவ் போரா, அசாம் பெடியன். 3-1. அங்கே பின்னுக்கு நின்ற ஈஸ்ற் பெங்காலும் 2-1 என்று வென்றது. 43, 42. ஒரே ஒரு புள்ளி. மன்சி அந்தப் பருவத்தில் 21 கோல்.

எங்கட சந்தோசம் அவ்வளவு. ஆனால் அந்தக் கிண்ணத்துக்கு அடுத்த படி எங்கே இருந்தது? மேலே போவதற்கு இடமே இல்லை. 2019-20இலிருந்து ஐ.எஸ்.எல்.தான் இந்தியாவின் முதல் லீக் என்று ஆனது. ஐ-லீக்கை வெல்கிறவர் அங்கே ஏறுவது 2022-23 பருவத்திலிருந்துதான் என்று முடிவெடுத்தார்கள். அப்படி முதன்முதலாக ஏறினது ஆர் தெரியுமோ? பஞ்சாப் எப்.சி. அண்டைக்கு 3-1 என்று தோற்ற அதே மினேர்வா, பெயரும் முதலாளியும் மாறி. சென்னை சிட்டி அதற்கு முதலே இல்லாமல் போய்விட்டது. சுவிற்சர்லாந்தின் பாசல் கிளப் 26 வீதப் பங்கு வாங்கியிருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

2020 ஜனவரியில் மன்சி ஜப்பானுக்குப் போனார், ஜே2 லீக்கில் இருந்த அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கு. அந்த ஊரின் பெயரை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. ஜே2 இரண்டாம் பிரிவு. அப்போது அதில் 22 ரீம், ஆளுக்கு 42 மட்ச். இந்தியச் சம்பியன் ஆவதற்கு சிட்டி விளையாடினது 20. இந்த ஒரு கணக்கே எங்களுக்கு நிறைய விளக்கிவிட்டது. அந்த வருடம் கொரோனாவால் ஜே2 பெப்ரவரி கடைசியில் நின்று ஜூன் கடைசியில்தான் திரும்பத் தொடங்கியது. நட்டத்தில் நிற்கிற கிளப்புகளைக் கீழே இறக்கக்கூடாது என்று அந்தப் பருவம் ஒருவரையும் இறக்கவில்லை. நாங்கள் இங்கே ஊரடங்கால் படிப்புக் குழம்பிக் கிடந்த நேரம். நீகாட்டாவில் பின்னேரம் ஏழு மணி என்றால் எங்களுக்கு மூன்றரை. டேற்றா இருந்தால் சுருக்கக் காணொளி, இல்லையென்றால் வெறும் எண்.

மன்சி அங்கே கனகாலம் இருக்கவில்லை. நாங்கள் இருந்துவிட்டோம். 2022இல் நீகாட்டா ஜே2ஐ வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. அதே வருடம் மூன்றாம் பிரிவான ஜே3ஐ வென்றது இவாக்கி எப்.சி. அந்தப் பிரிவில் அதற்கு அதுதான் முதல் பருவம். இவாக்கி ஃபுகுஷிமா மாகாணத்துக் கரையோர ஊர், 2011இல் நிலநடுக்கமும் சுனாமியும் அடித்த இடம். மாகாண லீக்கின் அடியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்த ரீம். சுனாமி என்ற சொல்லை ஜப்பான்காரரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிற எங்களுக்கு இந்தக் கதை சும்மா போகவில்லை. ஊர் ரீம் ஒன்று வென்றுகொண்டே இருந்தால் எங்கே போய்ச் சேரலாம் என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது. மைதானம் எப்படி இருக்கவேணும், கணக்கு எப்படிக் காட்டவேணும் என்பதும் எழுத்தில் இருக்கிறது.

எங்கட பக்கம் ரீம் இல்லாமல் இல்லை. ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ். இந்தப் பெயர்களைச் சொன்னாலே சண்டை பிடிக்கக்கூடிய ஆக்கள் இருக்கினம். மகாஜனாப் பிள்ளையள் அகில இலங்கை மட்டத்தில் வென்று வந்திருக்கினம். "எங்கட பெடியளிட்டத் திறமை இருக்கு" என்று ஒவ்வொரு பரிசளிப்பிலும் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்லுவார். சொல்லிப்போட்டு மாலையோடு வாகனத்தில் ஏறிவிடுவார். 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது. ஓகஸ்ற் மட்டும் அந்தத் தடை. கொழும்பிலும் சூரிச்சிலும் நடந்த கதைக்கு, பதினெட்டு வயசுப் பெடியன் ஒருத்தனின் ஒரு வருடம் போனது. பதினெட்டு இரண்டாம் தரம் வராது. தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லித் தந்தவளுக்கு ஏ.எல். முடிந்த பிறகு சேர்ந்து விளையாடப் பக்கத்தில் ஒரு கிளப்பும் இல்லை. அவளுடைய பூட்ஸ் இப்போது தங்கச்சியிடம்.

கடைசி நாளில் வெளியே போய் நின்றவன் இப்போது கனடாவில். ஸ்காபரோவில் ஞாயிறுகளில் விளையாடுகிறான், இன்னமும் இடது கரையில்தான். அந்த ரீமுக்கு எங்கட ஊர்க் கிளப்பின் பெயரையே வைத்திருக்கிறார்கள், அதே நிறத்தில் ஜேர்சியும் அடித்திருக்கிறார்கள். அங்கே மாற்று வீரர்களோடு பதினெட்டுப் பேர் நிற்கிற படம் அனுப்பினான். இங்கே போன தொடருக்கு ஒன்பது பேரோடு போனார்கள். மிச்சம் இரண்டுக்கும் பக்கத்து ஊரில் கேட்டுப் பார்த்ததாம், அங்கேயும் ஆள் இல்லை.