முங்கின மரத்து விரால்

முதல் கோடையில் என் தூண்டிலில் மாட்டியவை: பதினோரு வேலிகாத்தான் கிளை, ஒரு கிழிந்த வலைத்துண்டு, மாமாவின் தொப்பி. விரால் ஒன்றுகூட இல்லை.

பேத்தமங்கலம் தாண்டி உள்ளே போனால் அந்த ஏரி வரும். சின்ன ஏரிதான். பல வருஷம் காய்ந்து கிடந்ததில் உள்வாய் முழுக்க வேலிகாத்தானும் கருவேலமும் காடாக எழுந்திருந்தன. 2021 கடைசியில் கோலார் மாவட்டத்தில் ஏரி ஏரியாகக் கோடி போன மழையில் இதுவும் நிரம்பியது. மரங்கள் நின்ற இடத்திலேயே செத்தன. இப்போது பாதி மரம் தண்ணீருக்கு மேலே எலும்பாக நிற்கிறது, மீதி கண்ணுக்குத் தெரியாமல் கீழே கிடக்கிறது. மீன் குத்தகை எடுத்தவர் அதில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டிருக்கிறார். வெளியாள் தூண்டிலோடு கரையேறினால் சத்தம் போட்டுத் துரத்துவார். எங்களை மட்டும் விடுகிறார். விரால் அவருக்குத் திருடன், விட்ட குஞ்சைத் தின்றே கொழுக்கும் மீன். பக்கத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் கொர்ரமீனு என்பார்கள். அவர் அதைக் கெட்ட வார்த்தையில்தான் சொல்வார்.

மாமா கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். குழிக்குள் கூரைக்கு மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. 2001 பிப்ரவரி 28-இல் கம்பெனியை மூடுகிறவரை இருபத்தேழு வருஷம் அதுதான் பிழைப்பு. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். மரம் அப்படி இல்லை, முறிவதற்கு முன்னால் கிறீச்சென்று முனகும். அந்த முனகலைக் கேட்டுப் பழகிய காது மாமாவுடையது. ஏரிக்கரையிலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

“கேட்டுதா?”

“இன்னா மாமா?”

“மூச்சு.”

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போனால்தான் உயிர். கோடையில் தண்ணீர் சூடாகி அதில் கரைந்த காற்று குறையும்போது கட்லாவும் ரோகும் விடியற்காலையில் வாயைப் பிளந்துகொண்டு தவிக்கும். விரால் சாவகாசமாக வந்து ‘ப்ளக்’ என்று ஒரு வாய் இழுத்துவிட்டு அதே மரத்தடிக்குத் திரும்பும். அந்தச் சத்தம் எந்த மரத்தடியில், திரும்ப எவ்வளவு நேரம் கழித்து என்று கணக்கு வைத்துக்கொள்வதுதான் பாதித் தொழில். இதை நான் பிடித்துக்கொள்ள ஒரு கோடை முழுசாகப் போனது.

மாமா சின்ன வயதில் மூங்கில் கழியும் உயிருள்ள தவளையுமாக விரால் பிடித்தவர். நான் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது ராடு, ரீல், ஒரு ரப்பர் தவளை. டப்பா மேல் வாய் பெருத்த ஒரு அமெரிக்க மீன் படம். பாஸ் என்று பெயர். அந்த ஊர்க்காரர்கள் முங்கின மரத்தடியில் அதைப் பிடிக்கச் செய்த தவளைதான் இங்கே விராலுக்கு வந்திருக்கிறது. மாமா டப்பாவைத் தூரப் பிடித்துப் பார்த்தார். “இது யாரு, ஜிலேபி மீனுக்குச் சித்தப்பனா?”

ஆனால் தவளையைக் கையில் வாங்கியதும் சிரிப்பு நின்றது. வயிறு உள்ளீடற்ற ரப்பர். இரண்டு முள்ளும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், அதனால் கிளைமேல் இழுத்தாலும் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கவ்வி அமுக்கினால்தான் ரப்பர் நசுங்கி முள் வெளியே வரும். விரலால் நசுக்கிப் பார்த்தவர், விட்டுவிட்டு மறுபடி நசுக்கினார். “கெட்டிக்காரன்தான்” என்றார், செய்தவனை.

வீச்சை லைன் வீட்டுச் சந்தில் பழகினேன். இருபதடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் பக்கெட். பக்கெட்டில் விழுந்ததைவிட எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த புடவையில் விழுந்தது அதிகம். அந்த அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வீச்சு வந்த பிறகும் மீன் வரவில்லை. தண்ணீர் வெடிக்கும், தவளை மறையும், பதறிப்போய் நான் இழுப்பேன், தவளை மட்டும் காதோரம் பறந்து வரும். விரால் முதல் கடியில் இரையை நுனிவாயில்தான் பிடிக்கிறது. வாயை மூடிக்கொண்டு கீழே திரும்ப அதற்கு ஒரு நொடி வேண்டும். அந்த ஒரு நொடியைத்தான் என் கை கொடுக்க மறுத்தது. மாமா ஒண்ணு ரெண்டு எண்ணச் சொன்னார், எண்ணினேன், ஒன்றிலேயே இழுத்தேன். கடைசியில் அவரே வேறு வழி சொன்னார்.

“தினம் ரயிலுலதான போற? மாரிக்குப்பம் சொல்லு, சாம்பியன் சொல்லு. ரெண்டு ஸ்டேஷன் தாண்டினப்புறம் அடி.”

இரண்டாம் கோடை, மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறரை மணி இருக்கும். காற்றில்லை. கவை பிரிந்த ஒரு கருவேலத்தின் நிழல் பக்கமாகச் சத்தம் கேட்டது. ‘ப்ளக்’. மாமா கண்ணைத் திறக்காமலே கையால் திசை காட்டினார். நேராக அங்கே போட்டால் மீன் மிரளும். மரத்தைத் தாண்டிப் பாசிமேல் போட்டு, தத்தித் தத்தி இழுத்து வந்து, கவைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அலை வட்டம் அடங்கும்வரை நிறுத்தச் சொல்லியிருந்தார். அடங்கியது. தண்ணீர் லேசாகப் புடைத்தது. பிறகு வெடித்தது.

மாரிக்குப்பம். சாம்பியன். அடித்தேன்.

ராடு வில்லாக வளைந்தது. மரத்தடிக்கு விட்டால் தூண்டில் நரம்பை வேரில் சுற்றி அறுத்துவிடும். அதற்காகவே ரீலை இறுக்கி வைத்திருந்தோம். விளையாட்டுக் காட்டாமல் பின்னால் நடந்தே கரைக்கு இழுத்தேன். முக்கால் கை நீளம், பாம்புத் தலை, வயிறு வெள்ளை, விலாவில் சாய்வான கறுப்புப் பட்டைகள். கையில் நிற்கவில்லை, அவ்வளவு வழவழப்பு.

இன்னொன்று பிடிக்கலாம் என்று அடுத்த மரத்துக்குப் போனேன். அங்கே தண்ணீரில் சிவப்பாக ஒரு தட்டகலம் கொதித்துக்கொண்டிருந்தது. முந்தின வாரக் கோடை மழைக்குப் பிறகு பொரித்த விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டில்காரர்கள் பலருக்கு இது லாட்டரி. மாமா என் ராடை வாங்கித் தவளையைக் கழற்றிப் பையில் போட்டார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பீடி பற்ற வைத்துக்கொண்டு செத்த மரங்களைப் பார்த்தார். “பம்ப்ப நிறுத்துனாங்க இல்ல, குழியெல்லாம் தண்ணி ஏறிப்போச்சு. நான் வெச்ச மரமும் இப்ப இப்பிடித்தான் நிக்கும்.” கொஞ்சம் இழுத்துவிட்டு, “வெயில் ஏறுது, கெளம்பு” என்றார்.

வீட்டுக்கு வந்து சாம்பலும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுத்தார். அத்தை மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வயிற்றைக் கீறியபோது உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கட்லா குஞ்சு, பாதி கரைந்து கிடந்தது. நான் வாரி எறியப் போனேன். மாமா தடுத்தார். அதைக் கழுவி, வாழையிலைத் துண்டில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டிச் சாவியைக் கேட்டார்.

“குத்தகைக்காரர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு இதான் டிக்கெட்டு.”