எட்டு ஜோடி

மாமாவுக்கு எட்டு ஜோடி வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். சீட்டை இரண்டாம் முறை பார்க்க மாட்டார். போர்த்தியிருக்கும் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு "பாக்குறேன்" என்பார். யார் ஏற்றியிருந்தாலும் பாக்குறேன்தான்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம். தீபாவளிக்கு மறுநாள் இரவு, ஆறு பேர், ஒரு பாய். மூணு சீட்டு ஒரு வருஷம் அடிதடியில் முடிந்ததால், லிமிட் போக்கருக்கு மாற்றியது நான்தான். முதல் இரண்டு சுற்றுக்கு 50 காசு, கடைசி இரண்டுக்கு ஒரு வெள்ளி. மொத்தத்தையும் தள்ளி யாரையும் மிரட்ட முடியாது, யாரும் ஒரே கையில் கவிழவும் முடியாது. குடும்பத்துக்கு ஏற்ற ஆட்டம் என்று நினைத்தேன். (கெந்திங் மலை சூதாட்ட விடுதிக்கான யோசனையே, 1960களில் இங்கே நீர்மின் திட்ட வேலையில் இருந்த லிம் கோ தோங்குக்கு இந்தக் குளிரில்தான் வந்ததாம்.)

அன்று கட்டாயக் காசு 25ம் 50ம் விழுந்ததும் முதலில் பேச வேண்டியவன் நான். கையில் ராணி ஜோடி. ஒரு வெள்ளிக்கு ஏற்றினேன். பின்னால் ஐந்து பேர் இருக்கும்போது ஏற்றுகிறவனிடம் சரக்கு இருக்கும். மாமாவுக்கும் அது தெரியும். "பாக்குறேன்." மற்றவர்கள் போட்டுவிட்டார்கள்.

அப்படி ஏற்றுகிறவனிடம் பத்து முதல் ஏஸ் வரையான ஜோடி 30 விதமாக இருக்கலாம். ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி 32 விதமாக. முதலாவது என்றால் எட்டு ஜோடி ஐந்தில் ஒருமுறைதான் ஜெயிக்கும், இரண்டாவது என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல். எது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. நடுவில் விழும் முதல் மூன்று சீட்டில் எட்டைவிடப் பெரியது ஒன்றாவது 100க்கு 87 முறை வந்துவிடும். மூன்றாவது எட்டு விழட்டும் என்று காத்திருந்தால் எட்டரை முறைக்கு ஒருமுறை விழும். அதற்கு, போட்ட ஒரு வெள்ளிக்கு ஏழரை வெள்ளி வர வேண்டும். என் ஒரு வெள்ளி, கட்டாயக் காசு 75, பிறகு நான் போடப்போகும் இரண்டரை: நாலே கால். திருப்பி ஏற்றினால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆகவே ஆரம்பத்திலேயே திருப்பி ஏற்றித் தனியாக மோதணும், இல்லையென்றால் போட்டுவிடணும். நாலு பேர் உள்ளே இருந்தால்தான் சும்மா பார்ப்பதில் அர்த்தம்.

ராஜா, ஆறு, இரண்டு விழுந்தன. எனக்கே வயிறு கலங்கியது. 50 காசு போட்டேன். "பாக்குறேன்." ஒரு வெள்ளி. "பாக்குறேன்." இன்னொரு வெள்ளி. "பாக்குறேன்." மாமாவுக்கு மூன்றரை வெள்ளி நஷ்டம்.

முதல் கையிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். முப்பது வெள்ளிக்கு மேல் என் பக்கம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"ராஜா விழுந்த கையில கடைசிக்கு ஏன் மாமா பாத்தீங்க?"

"ஒரு வெள்ளிதானலா மாப்ள. நடுவுல எவ்ளோ கெடந்துச்சு!"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஆறே முக்கால் வெள்ளி. ஏழெட்டு முறைக்கு ஒருமுறை ஜெயித்தால்கூட அந்தக் கடைசி வெள்ளி நஷ்டமில்லை. அதற்கு முந்தியதையும் அப்படி நியாயப்படுத்தலாம். நான் படித்த கணக்கு மாமா பக்கம்தான் பேசியது. தப்பு முதல் வெள்ளியில் இருந்தது.

மாமாவுக்கு 60 முடிந்துவிட்டது. அடுத்த மாதம் லயத்து வீட்டை ஒப்படைக்கணும். கோலாலம்பூருக்கு வந்துவிடு என்று அப்பா கூப்பிட்டது நான் பிறப்பதற்கு முன். அப்போது மாமா பொண்ணு படிப்பு, பிறகு பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனது, பிறகு இன்னும் நாலு வருஷம்தானே என்பது. எதையும் தப்பென்று சொல்ல முடியாது. அத்தை பாதிச் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டியிருந்தார். நாங்கள் அதில் சாய்ந்துகொண்டுதான் ஆடினோம்.

"அப்ப எப்பதான் போட்டிருக்கணும்?"

"முதல்லயே மாமா."

சீட்டைக் கலைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"முதல்ல பாக்குறப்ப நல்லாத்தான மாப்ள இருந்துச்சு," என்றார். அடுத்த கையைப் போட ஆரம்பித்தார்.