தெரிஞ்சாலும் தொடக்கூடாதுங்க

ஆணி அதிகம். என் ஆணி என்னன்னே நிறையப் பேருக்குத் தெரியாது. மெல்பர்ன்ல ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்ல அசிஸ்டென்ட். முதுகுவலி, கழுத்துவலின்னு வர்றவங்களுக்கு டாக்டர் மூட்டை 'டக்'னு தட்டி விடுவார். நான் பேர் பதிஞ்சு, வலிக்கதையைக் கேட்டு எழுதி, சூடு ஒத்தடம் வச்சு, அவர் சொன்ன பயிற்சியைச் செய்ய வச்சு அனுப்புவேன். அவ்ளோதான் நம்ம எல்லை. எக்ஸ்ரே பட்டனை அழுத்தக்கூட தனி உரிமம் வேணும்.

போன வாரம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வந்தாங்க. டாக்டர் வர அரைமணி நேரம் லேட்.

"தம்பி, நீர் ஒருக்கா கழுத்தைத் திருப்பி விடுமன். தினமும் பாக்கிறீர்தானே?"

"முடியாதுங்கம்மா, சட்டம் விடாது."

"நம்மட பிள்ளை எண்டுதானே கேட்டனான்..." அவங்க முகம் வாடிப்போச்சு. எனக்கும் ஒரு மாதிரியாயிடுச்சு.

இங்கே 2010ல நடைமுறைக்கு வந்த தேசிய சட்டத்துல 123வது பிரிவு இதுக்குன்னே இருக்கு. கழுத்தெலும்பு மூட்டை வழக்கமான அசைவைத் தாண்டி வேகமாத் தள்ளுற வேலையை, பதிவு பெற்ற கைரோபிராக்டர், ஆஸ்டியோபாத், டாக்டர், பிசியோதெரபிஸ்ட் செய்யலாம். அந்தப் படிப்பு படிக்கிற மாணவர்களுக்கும் இடம் உண்டு. அசிஸ்டென்டுக்கு இல்லை. முதலாளியே செய்யச் சொன்னாலும் குற்றம் குற்றம்தான். ஏன் கழுத்துக்கு மட்டும் இவ்ளோ கெடுபிடி? மூளைக்கு ரத்தம் கொண்டுபோற ரெண்டு குழாய் கழுத்தெலும்பு ஓட்டை வழியாத்தான் மேலே ஏறுது. அபூர்வமா அதோட உள்சுவர் கிழிஞ்சா, ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம்.

அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் எனக்கு எங்க அத்தை ஞாபகம்.

எங்க ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. அப்பா அங்கே ஒரு எலும்பு வைத்தியர்கிட்ட இருபது வருஷம் உதவிக்கு இருந்தார். எண்ணெய் காய்ச்சுவார், தடவுவார், மூங்கில் பத்தை சீவுவார், துணி சுத்துவார். எலும்பைச் சேர்க்கறது மட்டும் வைத்தியர். அவர் காலமானதும் ஊரே அப்பாவைத் தேடி வந்துச்சு. அப்பா மாட்டேன்னுட்டார்.

ஒரு ராத்திரி அத்தை பையன் தென்னைமரத்துல இருந்து விழுந்துட்டான். கழுத்து திரும்பலை. அத்தை அழுதுட்டே, "தம்பி, நீ பாக்காத கழுத்தாடா?"ன்னாங்க.

"தெரிஞ்சாலும் தொடக்கூடாதுங்கக்கா."

பலகையில படுக்க வச்சு, தலைக்கு ரெண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, ஜீப்ல பாலக்காட்டுக்குக் கொண்டு போனார். பையன் தேறிட்டான். ஆனா ஊர்ல அப்பாவுக்கு 'கை நடுங்கி'ன்னு பேர் வந்துச்சு. எனக்கு ஸ்கூல்ல அவமானமா இருந்துச்சு. அவர்மேல கோவமும்.

பதிவு இல்லாம வைத்தியம் பாக்கக்கூடாதுன்னு 1953லயே திருவாங்கூர்-கொச்சியில சட்டம் வந்தாச்சு. கேரளப் பரம்பரை வைத்தியர்கள் அமைப்பு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. தலைமுறை அனுபவம் மட்டும் போதாது, அங்கீகரிச்ச படிப்பும் பதிவும் வேணும்னு 2018 ஏப்ரல்ல தீர்ப்பு வந்துச்சு. எனக்கு அதுல முழுத் திருப்தி இல்லை. தேவிகுளம் பக்கம் எஸ்டேட் லயத்துல ஒருத்தருக்கு நடுராத்திரி கை ஒடிஞ்சா, மலை இறங்கித்தான் ஆகணும். கதவைச் சாத்தச் சொன்ன சட்டம் பக்கத்துல ஆஸ்பத்திரி கட்டித் தராது. ஆனா கழுத்து விஷயத்துல அப்பா பக்கம்தான் நான். அவர் எந்தச் சட்டமும் படிச்சதில்லை. தன் கை எங்கே நிக்கணும்னு மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தார். நான் அதை சம்பளம் வாங்கிட்டுக் கத்துக்கிட்டேன்.

அன்னிக்கு ராத்திரியே போன் போட்டேன்.

"அப்பா, ஒரு அம்மாவுக்கு கழுத்து பாக்க மாட்டேன்னு சொல்லிட்டனுங்."

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"ஆமாங்."

"ரெண்டு நாள்ல சரியாப் போயிரும் கண்ணு. உங்கத்தைக்குத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு." :-)

டிஸ்கி: ஊர்ல உங்கப்பா முடிவெட்டப் போற இடத்துல கழுத்தை நெட்டி முறிச்சு விடுறாங்களான்னு அடுத்த போன்ல கேளுங்க. வேண்டாம்னு சொல்லுங்க. தலைக்கு எண்ணெய் தேச்சு விட்டாப் போதும்.