நாலு பெயாரிங்

 

போன கிழமை நாங்கள் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். மஞ்சள் வேன் ஒன்று முன் சில்லு இரண்டையும் தூக்கிக்கொண்டு பாடசாலை மைதானத்தில் ஓடுகிறதே, அது எங்கே வாங்கியது, எவ்வளவு என்று. ஜும்ஆ முடிந்து படியிறங்கும்போது ஒரு நானா பகிடியாகக் கேட்டார்: "என்ன சேர், இந்த வயசுல வெளாட்டுச் சாமானா?"

சிரித்துவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அது வாங்கி அப்படியே ஓட்டிய சாமான் இல்லை. ஒன்றேகால் வருஷமாக உடைந்து, கழன்று, திரும்பத் திரும்பப் பூட்டிய சாமான். அதை ஒழுங்காக ஓட வைத்த பிள்ளை இப்போது பாடசாலையில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கிறோம்.

பெட்டியைக் கொண்டு வந்தது கட்டாரில் வேலை செய்யும் தம்பி. 2024 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவில் வந்திருந்தான். சின்ன வயதில் எங்களிடம் இருந்த வாகனம் எல்லாம், பழைய செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லாக்கி, பால்மா டின்னில் பூட்டி, நூல் கட்டி இழுத்ததுதான். ரிமோட்டில் ஓடும் ட்ரக் ஒன்றைத் தன் கையால் பூட்ட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. எங்களுடைய ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டக் கொடுத்து வாங்கியிருந்தான். ஆனால் லீவு முழுக்க உம்மாவின் கண் ஒப்பரேஷனிலும் வீட்டுக் கூரை வேலையிலும் போய்விட்டது. பெட்டியைத் திறக்காமலே எங்கள் கையில் தந்துவிட்டுச் சொன்னான்: "நானா, உங்கட ஸ்கூல் பிள்ளையளோட சேர்ந்து பூட்டுங்க. பூட்டுறத வீடியோ எடுத்து அனுப்புங்க. எனக்கு அது போதும்."

பெட்டியின் மேல் "லஞ்ச் பொக்ஸ்" என்று இருந்தது. ஜப்பானின் ஷிசுவோக்காவில் இருக்கும் டமியா கம்பனி 1987 இல் வெளியிட்ட மொடல். 2005 இல் திரும்பவும் விட்டார்கள். நிஜ வாகனத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. மொன்ஸ்டர் ட்ரக் என்ற யோசனையே அமெரிக்காவில் பிறந்தது. செயின்ட் லூயிஸ் பக்கத்தில் பொப் சாண்ட்லர் என்றொருவர் 1970களில் தன் ஃபோர்ட் பிக்கப்பைக் கண்டபடி ஓட்டி உடைப்பாராம். உடைந்த இடத்தில் அதைவிடப் பலமானதைப் பூட்டுவார். அது தாங்கினால் இன்னும் பெரிய டயர். அப்படியே வளர்ந்ததுதான் "பிக்ஃபுட்". 1981 இல் பழைய கார்களின் மேல் அதை ஏற்றி நசுக்கிக் காட்டினார். உலகம் பார்த்தது நசுக்கியதை. நாங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னது அதற்கு முன்னால் நடந்த உடைதலை.

நாங்கள் படிப்பிப்பது பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில். சனிக்கிழமை காலை, எட்டுப் பிள்ளைகள், இரண்டு மேசை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் நாங்கள் பயிற்சி எடுத்த காலத்தில் கழிவுப் பொருளில் கற்பித்தல் சாதனம் செய்யச் சொல்லித் தந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் பெட்டியைத் திறந்தோம். உள்ளே வாகனம் இல்லை. சட்டத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் துண்டுகள், எழுத்துப் போட்ட பைகளில் ஆணிகள், ஒரு மோட்டர், நாலு பெரிய டயர், ஒரு புத்தகம். ரிமோட், ரிசீவர், முன் சில்லைத் திருப்பும் சேர்வோ, 7.2 வோல்ட் பெட்டரி எல்லாவற்றையும் தம்பி தனியாக வாங்கி வைத்திருந்தான்.

புத்தகத்தில் தமிழ் இல்லை. எங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் நாங்கள்தான் வாசித்து விளக்குவது என்று நினைத்திருந்தோம். ஐந்தாவது பக்கத்திலேயே பிழைத்துவிட்டது. நீள ஆணி போக வேண்டிய இடத்தில் கட்டை ஆணியைப் போட்டுவிட்டோம். பின்னால் நின்ற ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னான்: "சேர், அது இல்ல சேர். ஆணிய படத்து மேல வச்சுப் பாருங்க."

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆணியையும் அதன் உண்மையான அளவிலேயே வரைந்திருக்கிறார்கள். படத்தின் மேல் வைத்தால் சரியானது பொருந்தும். எங்களுக்கு அது தெரியவில்லை. தரம் பத்தில் தமிழ்ப் புத்தகத்தையே எழுத்துக்கூட்டி வாசிக்கும், தவணைப் பரீட்சையில் முப்பதைத் தாண்டாத அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது. அன்றைக்கே மற்றப் பிள்ளைகள் அவனுக்கு "பாஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேசன் பாஸ், தச்சு பாஸ் என்கிறோமே, அந்த பாஸ். இந்தப் பதிவிலும் அவனை அப்படியே சொல்கிறோம்.

ஆறு சனிக்கிழமை பூட்டினோம். முதல் ஓட்டம் ஓகஸ்டில். விசையை அழுத்தியதும் வண்டி முன் சில்லைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலுக்கு லயத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டாவது திருப்பத்தில் வண்டி குடைசாய்ந்தது. மூன்றாவது ஓட்டத்தில் கல்லில் மோதி பொடி வெடித்தது. எல்லாரும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள், அடி விழுமோ என்பதுபோல. "உடைஞ்சா என்ன, உடையத்தானே ஓட்டுறோம்" என்று சொன்னோம். சொல்லும்போது தம்பியின் காசு நினைவுக்கு வந்தது உண்மைதான்.

வெடிப்பை பாஸ் ஒட்டினான். உள்பக்கம் அப்பச்சோடாவைத் தூவி மேலே சூப்பர் குளூ விட்டால் ஒரு நிமிஷத்தில் கல்லாக இறுகும். தோட்டத்தில் தண்ணீர்ப் பீலி ஒட்டுகிறவரிடம் பார்த்த வித்தையாம்.

அதன் பிறகுதான் "அப்கிரேட்" என்ற சொல் வகுப்புக்குள் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆசை, இன்னும் வேகமான மோட்டர். பாஸ் மட்டும், "இருக்கிற வேகத்தையே தாங்கல, இன்னும் வேகம் போட்டு என்ன செய்ய?" என்றான். அதையே சட்டமாக வைத்தோம். முதலில் எது உடைகிறதோ அது. வேகம் கடைசி.

குடைசாய்வதற்குக் காரணம், உயரம் கூடியதும் முன்பக்கம் பாரம் குறைந்ததும். டயர்க் கடையில் கழித்துப் போட்ட ஈயத் துண்டுகளை முன் பம்பருக்குப் பின்னால் ஒட்டினோம். ஈர்ப்பு மையம் பற்றி நாங்கள் கரும்பலகையில் இரண்டு பாடவேளை கத்தியதை அந்த ஈயத் துண்டு ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்தது.

அடுத்தது ஷொக். கிட்டோடு வருவதில் ஸ்பிரிங் மட்டும்தான், எண்ணெய் இல்லை. பள்ளத்தில் இறங்கினால் பந்து மாதிரித் துள்ளும். ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கும், ஆனால் வாங்கியதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். அதை அடக்குவது எண்ணெய். ஊருக்கு வந்த ஒருவரிடம் தம்பி எண்ணெய் ஷொக் நாலு கொடுத்தனுப்பினான். எண்ணெய்ப் போத்தல் வழியிலேயே கசிந்து காலி. பிள்ளைகள் விடவில்லை, தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள். அன்று பின்னேரம் வண்டி மெத்தையில் போவதுபோல் போனது. அடுத்த சனி காலை, மார்கழிக் குளிர், நமுனுகுல மலை பனிக்குள். வண்டியை வைத்தால் மரக்கட்டை மாதிரி நிற்கிறது, ஒரு ஷொக்கும் அமுங்கவில்லை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸிலேயே உறையத் தொடங்கும். வீட்டில் போத்தலை வெயிலில் வைத்துவிட்டுத் தலைக்குப் பூசுகிற பிள்ளைகள்தான், ஆனால் ஷொக்குக்குள் அது நடக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. விழுந்து விழுந்து சிரித்தோம். குளிரில் உறையாத சிலிக்கோன் எண்ணெய் பிறகு வந்தது.

இன்னொரு குறை இருந்தது. இந்த வண்டியில் மோட்டரும் கியர் பொக்ஸும் பின் அச்சும் ஒரே கட்டி. விசை கொடுத்ததும் அந்தக் கட்டி முழுவதும் உதைத்துக்கொண்டு துள்ளும். பாஸ் மண்ணில் குப்புறப் படுத்து, வண்டியைப் பத்துத் தடவை தன்னை நோக்கி ஓட்டச் சொல்லிப் பார்த்தான். பிறகு கழற்றி வைத்த பழைய ஷொக்கில் ஒன்றை எடுத்து, கியர் பொக்ஸின் மேல்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் படுக்கையாகப் பூட்டினான். துள்ளல் பாதிக்கு மேல் குறைந்தது. அன்று இரவு இணையத்தில் தேடிப் பார்த்தோம். லஞ்ச் பொக்ஸ் வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் பல வருஷமாகச் செய்துவரும் வேலை அது. "ஐந்தாவது ஷொக்" என்று அதற்குப் பெயரே இருக்கிறது. பாஸ் அதை எங்கேயும் பார்க்கவில்லை. அவனிடம் போனே இல்லை.

ஜனவரியில் முன் சில்லுகள் ஆடத் தொடங்கின. சில்லு சுற்றும் இடத்தில் கிட்டோடு வருவது பிளாஸ்டிக் புஷ். எங்கள் சிவப்பு மண் தூசி உள்ளே போய் அரைத்துவிட்டது. அந்த இடத்தில் போல் பெயாரிங் போட வேண்டும். ஆய்வுகூடத்து வேர்னியரை எடுத்து பாஸ் அளந்தான். வெளிவிட்டம் 11 மில்லிமீற்றர், உள்விட்டம் 5, தடிப்பு 4. ஆர்.சி. ஓட்டுகிறவர்கள் இதை 1150 என்பார்கள். பெயாரிங் கடையில் கேட்பதென்றால் எம்.ஆர். 115. அந்த இலக்கத்தை அவன் உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டான். பதுளை டவுனில் இரண்டு கடையில் கேட்டோம், இல்லை. "கொழும்பில சொல்லி எடுப்பம், அடுத்த மாசச் சம்பளம் வரட்டும்" என்றோம்.

அடுத்த மாதச் சம்பளம் வந்தது. வேறு செலவும் வந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். ஒவ்வொரு சனியும் பாஸ் கேட்டான், "பெயாரிங் வந்துச்சா சேர்?" ஒவ்வொரு சனியும் ஒரு பதில் சொன்னோம். பிறகு ஒரு சனி அவன் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை.

லயத்துக்குப் போனோம். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தா. அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபா, அதுவும் வேலை இருந்த நாளைக்கு. அப்பா இல்லை. கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சொன்னா: "கொழும்புல ஒரு கடைக்கு அனுப்பிட்டேன் சேர். சாப்பாடு, தங்க இடம் எல்லாம் குடுக்குறாங்களாம். பின்னால ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு. எனக்கு மட்டும் அனுப்ப ஆசையா?" நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? அவனுக்கு அப்போது வயது 15.

நாலு பெயாரிங் இருந்திருந்தால் அவன் நின்றிருப்பான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த வீட்டின் கணக்கு அதைவிடப் பெரியது. ஆனால் அவனுக்குப் பாடசாலைக்கு வரக் காரணமாக இருந்தது அந்தச் சனிக்கிழமை மட்டும்தான் என்பதும், அதை நாங்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டோம் என்பதும் உண்மை. வண்டியைத் துடைத்து அலுமாரிக்கு மேல் வைத்தோம். பல மாதம் அங்கேயே இருந்தது.

2025 ஒக்டோபர் 20 ஆம் திகதி தீபாவளி. மறுநாள் காலை வீட்டு வாசலில் பாஸ் நிற்கிறான். புதுச் சட்டை, கொஞ்சம் உயர்ந்துவிட்டான். ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். பஞ்சிகாவத்தையில் லீவு நாளில் கடை கடையாக ஏறி இறங்கித் தேடினானாம். "எம்.ஆர். 115 சேர். நாலு இருக்கு."

அவனுடைய சம்பளத்தில் வாங்கியது.

பாடசாலைக்குப் போய் வண்டியை இறக்கினோம். பழைய புஷ்ஷைக் கழற்றி, நாலையும் ஏற்றி, சில்லைப் பூட்ட அவனுக்கு அரை மணித்தியாலம். விரலால் தட்டிவிட்டால் சில்லு நிற்காமல் சுற்றுகிறது. நீங்கள் பார்த்த வீடியோ அதற்குப் பிறகு எடுத்ததுதான். ரிமோட்டைப் பிடித்திருக்கும் கை பாஸின் கை. தம்பிக்கு அனுப்பினோம். "நானா, அந்தப் பிள்ளைக்கே குடுத்திருங்க" என்று பதில் போட்டான். கொடுத்தோம். "இங்கேயே இருக்கட்டும் சேர், கடையில வைக்க எடமில்ல" என்று சொல்லிவிட்டு இரவு பஸ்ஸில் ஏறிவிட்டான்.

இனி உதவி. இரண்டு விஷயம்.

முதலாவது, நம்முடைய கடைக்காரர்களுக்கு. 2016 இலிருந்து இந்த நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு எடுக்கக்கூடிய ஆகக்குறைந்த வயதையும் 2021 இல் 14 இலிருந்து 16 ஆக்கிவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளை அமைதி, சொன்னதைச் செய்வான் என்று தரகர் கூட்டி வரும்போது, வயதைக் கேளுங்கள். 15 என்றால் திருப்பி அனுப்புங்கள். முடிந்தால் அந்த வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு அரிசி கொடுங்கள். நீங்கள் கொடுக்கக்கூடியவர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, பதுளையிலோ பசறையிலோ ஹாலிஎலையிலோ கராஜ் வைத்திருக்கும் நானாமாருக்கு. பாஸுக்கு இப்போது 16 முடிந்துவிட்டது. அவனை ஊரிலேயே வைத்து, வேலையும் பழக்கி, என்.வி.கியூ. சான்றிதழுக்கும் அனுப்பத் தயாரான ஒருவர் எங்களுக்கு வேண்டும். சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வைப்பது எங்கள் பொறுப்பு. சனிக்கிழமையில் நாங்களே படிப்பிப்போம். வாசிப்புக் கொஞ்சம் பிந்தும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஓடுகிற வண்டியைப் பார்த்து எது முதலில் உடையும் என்று சொல்லக்கூடிய பிள்ளை. அப்படி ஒருவரை நீங்கள் காசு கொடுத்தும் தேடுகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

நானா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வண்டி அலுமாரிக்கு மேல் இருக்கிறது, பெட்டரி ஏற்றித்தான் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாருங்கள், ஓட்டிப் பார்க்கலாம். கராஜ்காரர் யாரையாவது தெரிந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.