விட்டுப்போன ஒரு வரி

பட்டாளத்துக்காரர் வீடுகளில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். டிஸ்சார்ஜ் புக் என்பார்கள். வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து அதையும் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். படையில் சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, பார்த்த வேலை, நடத்தை, மனைவி மக்கள் பெயர், வாங்கிய பதக்கங்கள் என்று ஒரு மனிதரின் பதினைந்து இருபது வருஷ வாழ்க்கை அதற்குள் அடக்கம். அதில் எழுதியிருப்பதுதான் நடந்தது. எழுதாதது நடக்கவே இல்லை. சர்க்காரைப் பொறுத்தவரை அப்படித்தான்.

என் அப்பாவின் புத்தகத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்க எங்களுக்கு இரண்டரை வருஷம் பிடித்தது. எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் இருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா 1966-ல் பட்டாளத்தில் சேர்ந்து, 1983-ல் வெளியே வந்தவர். டிரைவர் வேலை. 1971-ல் பாகிஸ்தானோடு யுத்தம் வந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. டிசம்பர் 3-ம் தேதி ஆரம்பித்த யுத்தம் 16-ம் தேதி டாக்காவில் ஜெனரல் நியாஸி சரணடைந்ததோடு முடிந்தது. பதின்மூன்றே நாள். சுமார் 93,000 பேர் கைதிகள். பங்களாதேஷ் என்று ஒரு தேசமே பிறந்தது. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்தது. அப்பா சொல்வது வேறு மாதிரி இருக்கும். அகர்தலாவிலிருந்து ராத்திரியில் ஹெட்லைட் போடாமல் சக்திமான் லாரியில் குண்டுப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு போனது, அகௌராப் பக்கம் சேற்றில் சக்கரம் புதைந்தது, எதிரே அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்தது, ஒரு கிழவி லாரியை நிறுத்தித் தண்ணீர் கேட்டது. 1971-ல் கிழக்கு முனையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் ஆல்பர்ட் எக்கா. அவர் உயிர் விட்ட கங்காசாகர் அந்தப் பக்கம்தான். "அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சும்மா" என்பார் அப்பா.

ஆனால் அவர் புத்தகத்தில் பதக்கங்கள் எழுதும் பக்கத்தில் சங்கிராம் மெடல் இருந்தது. சுதந்திர வெள்ளிவிழா மெடல் இருந்தது. ஒன்பது வருஷ சேவை மெடல் இருந்தது. பூர்வி ஸ்டார் மட்டும் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீரச் செயலுக்குத் தரும் சக்ரா விருதுகள் வேறு. யுத்தத்தில் பணியாற்றியதற்குத் தரும் பதக்கங்கள் வேறு. 1971 யுத்தத்துக்காகக் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டாரும், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டாரும் கொடுத்தார்கள். சங்கிராம் மெடல் இன்னும் பரவலாகக் கிடைத்தது. ஆகவே ஸ்டார் இல்லை என்றால், "யுத்த முனைக்குப் போகவில்லை" என்றுதான் விஷயம் தெரிந்தவர்கள் அர்த்தம் செய்துகொள்வார்கள்.

அப்பா இதைப் பல வருஷம் பெரிதுபடுத்தவில்லை. 2021-ல் அந்த யுத்தத்தின் பொன்விழா வந்தது. எங்கள் பக்கத்து முன்னாள் ராணுவத்தினர் கூடி, யுத்தத்துக்குப் போனவர்களுக்குச் சால்வை போடுவதாக ஏற்பாடு. ஸ்டார் உள்ளவர்கள் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அப்பா தானும் போனதாகச் சொன்னபோது, வயதில் இளையவர் ஒருவர், "ஸ்டார் இல்லாம எப்படி பெரியவரே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அப்பா பதில் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"கன்டோன்மென்ட் கடையில வாங்கிக் குத்திக்கலாமே, அசல் மாதிரியே இருக்குமே" என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காசு குடுத்து வாங்கிக் குத்திக்கிறதும் திருடிக் குத்திக்கிறதும் ஒண்ணுதான்" என்றார்.

தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். "இதனால பென்ஷன் ஏறுமாக்கா?" என்று போனில் கேட்டான். ஏறாது. ஸ்டாருக்கு ஒரு பைசா கிடையாது. "அப்புறம் எதுக்கு இவ்வளவு அலைச்சல்?" என்றான். பொய் சொன்னவர் என்ற பெயரோடு அப்பா போய்ச் சேரக் கூடாது என்றேன். அப்புறம் அவன் எதுவும் சொல்லவில்லை.

முதலில் நான் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத்தான் போனேன். பெரும்பாலான மாவட்டங்களில் இப்படி ஓர் அலுவலகம் உண்டு. அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "எந்த ரெக்கார்ட் ஆபீஸோ அங்கேதாம்மா எழுதணும். ஆனா வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது. கையில காகிதம் வேணும்" என்றார்.

ரெக்கார்ட் ஆபீஸ் என்பது ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒன்று. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூரை அடுத்த வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பீரங்கிப் படை என்றால் நாசிக். சிப்பாய் ஓய்வு பெற்றாலும் அவருடைய மூலப் பதிவேடு அங்கேதான் இருக்கும். ஷீட் ரோல் என்று அதற்குப் பெயர்.

அப்பாவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு நாங்கள் எழுதிய முதல் விண்ணப்பத்துக்கு வந்த பதில் இரண்டே வரி: அவருடைய யூனிட் 1971-ல் கிழக்கு முனையில் இல்லை, ஆகவே தகுதி இல்லை.

அதுவும் உண்மைதான்! அப்பாவின் சொந்த யூனிட் அப்போது வடக்கே இருந்தது. யுத்தம் நெருங்கும் சமயத்தில் அங்கிருந்து சில டிரைவர்களை மட்டும் வேறொரு யூனிட்டுக்கு 'அட்டாச்மென்ட்' என்று அனுப்பியிருக்கிறார்கள். யுத்தம் முடிந்து ஸ்டாருக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும்போது, போன இடத்தில் தங்கள் ஆட்களை மட்டும் எழுதினார்கள். சொந்த இடத்திலோ யாருமே யுத்தத்துக்குப் போகாத கணக்கு. நடுவில் அப்பா விட்டுப்போனார். யார் மேலும் விரோதம் இல்லை. குமாஸ்தா எழுதாமல் விட்ட ஒரு பெயர், அவ்வளவுதான்.

அதற்குக் காகிதம் எங்கே தேடுவது? கிடைத்தது எங்கள் ஆயாவின் தகரப் பெட்டியில். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் போட்ட கடிதங்களை வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒன்று விடாமல் நூலில் கட்டி வைத்திருந்தார். யுத்த முனையில் இருக்கும் சிப்பாய் விலாசத்தில் ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. படை எண், பெயர், யூனிட், அதன்பின் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று மட்டும் இருக்கும். 56 என்றால் டில்லி வழியாகப் போகும் தபால். 99 என்றால் கல்கத்தா வழியாகக் கிழக்கே போகும் தபால். 1971 நவம்பர் கடைசியிலிருந்து 1972 பிப்ரவரி வரை வந்த நான்கு கடிதங்களிலும் 99 ஏ.பி.ஓ. இருந்தது. அட்டாச்மென்ட் போன யூனிட்டின் பெயரும் அப்பாவின் கையெழுத்திலேயே இருந்தது!

கடிதம் மட்டும் சாட்சியாகாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று அது காட்டிக் கொடுத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்ததே, அதன்படி 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, அப்பா கையெழுத்தோடு மனுப் போட்டோம். 1971 நவம்பர் முதல் 1972 மார்ச் வரை அவருடைய ஷீட் ரோலில் உள்ள பதிவுகளின் நகல் வேண்டும் என்று தேதியும் யூனிட் பெயரும் குறிப்பிட்டுக் கேட்டோம். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வரவில்லை. மேல்முறையீடு செய்தோம். அதற்குப் பின் நகல் வந்தது. மங்கிய எழுத்தில், அட்டாச்மென்ட் போன தேதியும் திரும்பிய தேதியும் அதில் இருந்தன.

அடுத்து, கூட இருந்தவர் ஒருவர் சாட்சி சொன்னால் பலம் என்றார்கள். அப்பாவோடு லாரி ஓட்டியவர்களில் மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் இருப்பதாக, முன்னாள் ராணுவத்தினர் வாட்ஸ்அப் குழு மூலம் தெரிந்தது. அவர் அந்த யூனிட்டையே சேர்ந்தவர், ஸ்டார் பெற்றவர். எண்பது வயது. அப்பாவின் குரலைப் போனில் கேட்டதும், "டேய், நீ இன்னும் இருக்கியாடா?" என்று கத்தினார். இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பாதி ஹிந்தி, பாதி தமிழ். மறு வாரமே நோட்டரி முன்னிலையில் நடுங்கும் கையால் கையெழுத்துப் போட்டு, தன் டிஸ்சார்ஜ் புக் நகலையும் சேர்த்து அனுப்பிவிட்டார். ஐந்து மாதம் கழித்து அவர் காலமாகிவிட்டார். நாங்கள் ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அந்தச் சாட்சி எங்களுக்கு இல்லை.

இந்த அலைச்சலில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. வந்த நகலில் அம்மாவின் பெயர் ஆதார் கார்டில் உள்ளபடி இல்லை. பிறந்த தேதி எழுதும் இடம் காலி. அப்பாவுக்குப் பின் அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வர வேண்டுமானால் அந்தப் பதிவுதான் ஆதாரம். கணவரைப் பறிகொடுத்த துக்கத்தில் இருப்பவள் அப்போது போய்த் திருத்த முடியுமா? அதையும் தனி விண்ணப்பமாகப் போட்டுத் திருத்திக்கொண்டோம். அப்பாவே உயிரோடு இருந்து கையெழுத்துப் போட்டதால் அது சீக்கிரம் முடிந்தது.

ஸ்டாருக்கான பதில் 2024 ஆனியில் பதிவுத் தபாலில் வந்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் புது மையில் ஒரு வரி, பக்கத்தில் கையெழுத்து, முத்திரை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "மதுரைக்காரன் மகன் நம்பர் இருக்கில்ல? ஒரு போன் போடும்மா. அவன்கிட்ட முதல்ல சொல்லணும்" என்றார்.

பதக்கம் தனியே வரும் என்று எழுதியிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. அப்பா அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. அவருக்கு அந்த ஒரு வரி போதும்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. எளிய ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினாலே போதும். தேதியும் எண்ணும் சரியாக இருப்பதுதான் முக்கியம். அசல் புத்தகத்தை அனுப்பும் முன் எல்லாப் பக்கமும் நகல் எடுத்து வையுங்கள். எதையும் ஸ்பீட் போஸ்ட்டிலேயே அனுப்பி, ரசீதைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். பழைய கடிதங்களைக் குப்பை என்று எரித்துவிடாதீர்கள். எதற்கும் மசியாவிட்டால் படைவீரர்களுக்கென்றே இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். சென்னையிலும் அதன் அமர்வு இருக்கிறது. எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சி சொல்ல ஆள் இருக்கும்போதே செய்யுங்கள். 1971-ல் இருபது வயதில் போனவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டியாயிற்று. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அந்தச் சின்னப் புத்தகம் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை எடுத்து, அப்பாவையோ மாமனாரையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள்.